புதிய குடியிருப்பில் அயலவரோடு இணங்கி வாழ்தல்

மாத்தளை மாவட்டத்தில் சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழ்கின்றனர். மீள்குடியேறும் இடத்தில் உங்கள் அயல்வீட்டார் வேறு மொழி பேசுபவராக இருக்கலாம். தண்ணீர்க் குழாய், வேலி, பாதை பற்றிய சிறு பிணக்கு பேசித் தீர்க்கப்படாவிட்டால் இனப் பிணக்காக மாறக்கூடும். 1977, 1983 வன்செயல்களை நினைவில் வைத்திருக்கும் குடும்பங்களிடையே ஒரு வதந்தியே போதும், அச்சம் பரவிவிடும்.

உங்கள் மொழி உரிமை
1987 இல் 13 ஆவது திருத்தத்தின் மூலம் தமிழும் அரசகரும மொழியானது. சிங்களத்தில் நிர்வாகம் நடக்கும் பகுதியிலும் பிரதேச செயலகத்துக்குத் தமிழில் எழுதவும் தமிழிலேயே பதில் பெறவும் அரசியலமைப்பின் 22 ஆவது உறுப்புரை உரிமை தருகிறது. காணிப் பத்திரம் விளங்காவிட்டால் கையொப்பமிட வேண்டாம், விளக்கம் கேளுங்கள். மொழி உரிமை மறுக்கப்பட்டால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவிடம் முறையிடலாம்.

பிணக்கு ஏற்பட்டால்
• முதலில் நேரில் பேசுங்கள். இரு மொழியும் தெரிந்த, இரு தரப்பும் நம்பும் பெரியவர் ஒருவரை அழையுங்கள். பிள்ளைகளை மொழிபெயர்க்க விடாதீர்கள்.
• தீராவிட்டால் கிராம உத்தியோகத்தரிடம் கூறுங்கள்; மத்தியஸ்த சபையையும் நாடலாம். அங்கு சட்டத்தரணி தேவையில்லை.
• மிரட்டல், தாக்குதல் என்றால் உடனே பொலிஸ் நிலையத்தில் முறையிடுங்கள்.
• நீர்க் குழுவில் எல்லாச் சமூகத்தவரையும் சேருங்கள். அறிவித்தல்களை இரு மொழியிலும் ஒட்டுங்கள்.

வேலித் தகராறு வேலித் தகராறாகவே முடியட்டும்.