கொசுவுக்குக் காது உண்டா?

இரவில் காதருகே கொசு ரீங்காரம் இடுகிறது. அது நமக்கு நன்றாகக் கேட்கிறது. கொசுவுக்கும் காது கேட்குமா? கேட்கும். ஆனால் அதன் காது நம் காதைப் போல இருக்காது.

சத்தம் என்பது அதிர்வு

மத்தளத்தைத் தட்டுங்கள். தோல் அதிரும். அது பக்கத்தில் உள்ள காற்றை அசைக்கும். அந்த அசைவு காற்றில் பரவி வரும். நம் காதுக்குள் ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. அதன் பெயர் செவிப்பறை. காற்றின் அசைவு பட்டதும் செவிப்பறை அதிர்கிறது. நரம்பு அதை மூளைக்குத் தெரிவிக்கிறது.

ஆகவே, கேட்பதற்கு இரண்டு வேண்டும். ஒன்று, சத்தம் பட்டால் அசையும் உறுப்பு. மற்றொன்று, அந்த அசைவை உணரும் நரம்பு. இவை உடம்பில் எங்கே இருந்தாலும் அது காதுதான்.

காலில் காது, வயிற்றில் காது

இரவில் 'கிரிக் கிரிக்' என்று கத்தும் சுவர்க்கோழியைப் பார்த்திருப்பீர்கள். அதன் காது முன்னங்காலில் இருக்கிறது. முட்டிக்குச் சற்றுக் கீழே சிறிய செவிப்பறை உண்டு. வெட்டுக்கிளிக்கோ, காது வயிற்றின் இரு பக்கமும், இறக்கைக்கு அடியில் இருக்கிறது.

கொசுவின் காது

கொசுவுக்குச் செவிப்பறையே இல்லை. தலையில் உள்ள இரண்டு உணர்கொம்புகள்தான் அதன் காது. ஆண் கொசுவின் கொம்பில் இறகு போல அடர்ந்த மயிர் இருக்கும். சத்தம் வந்தால் காற்று அசையும். காற்றோடு மயிரும் கொம்பும் ஆடும்.

கொம்பின் அடியில் உருண்டையான ஒரு பகுதி உண்டு. டெங்குவைப் பரப்பும் கொசுவின் ஆணுக்கு, அந்த உருண்டை ஒன்றில் மட்டும் சுமார் 15,000 உணர்வு அணுக்கள் இருக்கின்றன. கொம்பு ஆடினால் இவை இழுபடும். உடனே மூளைக்குச் செய்தி போகும்.

எதற்கு இவ்வளவு கூர்மை? பெண் கொசு நொடிக்குச் சுமார் 400 முறை இறக்கை அடிக்கிறது. அந்த ஒலியைக் கேட்டுத்தான் ஆண் தன் துணையைத் தேடி வருகிறது.

ஏமாற வேண்டாம்

நம்மைக் கடிப்பது பெண் கொசு மட்டுமே. அது நம் மூச்சுக்காற்றையும் உடல் வாசனையையும் சூட்டையும் கொண்டு நம்மைத் தேடி வருகிறது.

"இந்தக் கருவியின் சத்தம் கேட்டால் கொசு ஓடிவிடும்" என்று சொல்லிச் சிலர் விற்கிறார்கள். இத்தகைய கருவிகளை வைத்து நடந்த 10 கள ஆய்வுகளை 2007-இல் அறிஞர்கள் ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார்கள். ஆள் மேல் வந்து உட்காரும் கொசு குறையவே இல்லை. அந்தப் பணத்தில் ஒரு கொசுவலை வாங்கலாம். தேங்கிய தண்ணீரைக் கொட்டிவிடச் செலவே இல்லை.

செய்து பாருங்கள்

ஒரு டப்பாவின் வாயில் பலூன் ரப்பரை இழுத்துக் கட்டுங்கள். அதன் மேல் நாலு கடுகு போடுங்கள். பக்கத்தில் ஒரு தட்டைப் பிடித்து ஓங்கித் தட்டுங்கள். டப்பாவைத் தொடாமலே கடுகு துள்ளும். செவிப்பறை வேலை செய்வதும் இப்படித்தான்.

பேசிப் பாருங்கள்

1. சுவர்க்கோழிக்குக் காது எங்கே இருக்கிறது?
2. கொசுவின் காதுக்கும் நம் காதுக்கும் என்ன வேறுபாடு?
3. உங்கள் தெருவில் தண்ணீர் தேங்கும் இடங்கள் எவை? அவற்றை எப்படிச் சரிசெய்யலாம்?