கேமரா வராத மைதானம்



2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில், சென்னையைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா 3 தங்கப் பதக்கங்கள் வென்றார். அல்ஹம்துலில்லாஹ்! ஆனால் அவர் ஆடியதைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?

காரணம் வியாபாரம்தான். ஒரு தொடரை ஒரே வீட்டில் மாதக்கணக்கில் எடுக்கலாம், மறுஒளிபரப்பும் செய்யலாம். உள்ளூர்ப் போட்டிக்கோ பல கேமராக்களும் ஆட்களும் வேண்டும். முடிவு தெரிந்தபின் மறுநாள் பார்க்க ஆளில்லை. விளம்பரதாரர் தொடர் பக்கமே போகிறார். 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி தனியார் சேனல்கள் சில போட்டிகளைப் பிரசார் பாரதியுடன் பகிர வேண்டும். ஆனால், தேசிய முக்கியத்துவம் உள்ளவை என மத்திய அரசு அறிவித்த போட்டிகளுக்கே அது பொருந்தும். காயல்பட்டினம், அதிராம்பட்டினம் கால்பந்துப் போட்டிகளுக்கு அந்த வாய்ப்பில்லை.

இழப்பு நம் பிள்ளைகளுக்கே. தொடர் நடிகர்களின் பெயரெல்லாம் தெரிந்த பிள்ளைக்கு அடுத்த தெரு வீரனைத் தெரிவதில்லை. பார்ப்பவர் இல்லாத ஆட்டத்துக்கு உதவுபவரும் இல்லை. ஷூ வாங்க வழியின்றித் திறமையுள்ள பிள்ளை பாதியில் விட்டுவிடுகிறான்.

நபி (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப்பந்தயம் ஓடினார்கள். அம்பெய்து பழகியவர்களை ஊக்கப்படுத்தினார்கள். கேமரா வராவிட்டால் என்ன, நாம் போவோம். அஸருக்குப் பின் ஒரு மணி நேரம் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, பிள்ளைகளின் ஆட்டத்தைப் பாருங்கள். மகன், மகள் யார் வென்றாலும் விவரம் தாருங்கள். இம்மடலில் வெளியிடுவோம், இன்ஷா அல்லாஹ்.