வாழ்க்கைத் துணையை வெளிநாட்டுக்கு அழைத்தல்: திருமணப் பதிவும் ஆவணங்களும்

வெளிநாட்டில் குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ நீண்டகால வேலை அனுமதியோ பெற்ற ஒருவர், தம் கணவனை அல்லது மனைவியைத் தம்முடன் வாழ அந்நாட்டு அரசிடம் முறைப்படி விண்ணப்பித்து அழைத்துக்கொள்வதைத் துணைவர் ஸ்பான்சர் முறை என்பர். அழைப்பவர் ஸ்பான்சர் எனப்படுகிறார். வருபவரின் வாழ்க்கைச் செலவுக்கு இவர் பொறுப்பேற்கிறார்.

விண்ணப்பத்தின் பெரும்பகுதி வெளிநாட்டில் நடப்பதுபோலத் தோன்றினாலும், அதன் அடித்தளம் தமிழ்நாட்டில் பெறும் சில தாள்களில்தான் இருக்கிறது. அவற்றில் முதன்மையானது அரசு வழங்கும் திருமணப் பதிவுச் சான்று. இதற்குக் காலக்கெடு உண்டு. கெடு கடந்தபின் சிலருக்கு வழி எளிதாக இருக்கும், சிலருக்கு மிகக் குறுகிவிடும். சேர்வராயன் மலையில் உள்ள ஏற்காட்டு ஊர்களை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை அதை விளக்குகிறது.

வரலாற்றுப் பின்னணி

திருமணம் நடந்ததை ஊரார் அறிவது வேறு, குடிவரவு அதிகாரி ஏற்பது வேறு. இந்த வேறுபாடு தமிழர் வரலாற்றில் ஒரு போராட்டத்துக்கே காரணமாயிற்று. 1913 மார்ச் 14 அன்று தென்னாப்பிரிக்காவின் கேப் உச்ச நீதிமன்ற நீதிபதி சியர்ல், பலதார மணத்தை அனுமதிக்கும் சமய முறைப்படி நடந்த திருமணங்கள் அந்நாட்டில் செல்லாது எனத் தீர்ப்பளித்தார். கணவனிடம் வந்து சேர முயன்ற பாய் மரியம் என்னும் பெண்ணின் வழக்கு அது. இத்தீர்ப்பினால் பெரும்பாலான இந்தியப் பெண்கள் சட்டத்தின் பார்வையில் மனைவியர் அல்லாதவர் ஆயினர். அதன்பின் தமிழ்ப் பெண்கள் பலர் சத்தியாக்கிரகத்தில் இறங்கிச் சிறை சென்றனர். சிறையில் நோயுற்ற தில்லையாடி வள்ளியம்மை, விடுதலையானபின் 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தார். அவ்வாண்டே இயற்றப்பட்ட இந்தியர் நிவாரணச் சட்டம், ஒருதார மணங்களை ஏற்றுக்கொள்ள வழிசெய்தது.

இந்தியாவில் 2006 பிப்ரவரி 14 அன்று உச்ச நீதிமன்றம், சீமா எதிர் அசுவனி குமார் வழக்கில், எல்லாச் சமயத்தவரின் திருமணங்களையும் பதிவு செய்வதைக் கட்டாயமாக்குமாறு மாநிலங்களுக்கு ஆணையிட்டது. தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம், 2009 அதன் விளைவாகும். இச்சட்டம் 2009 நவம்பர் 24 முதல் நடைமுறையில் உள்ளது.

தமிழ்நாட்டில் திருமணப் பதிவு

2009ஆம் ஆண்டுச் சட்டப்படி, மாநிலத்தில் நடக்கும் ஒவ்வொரு திருமணமும், எச்சமயத்தவருடையதாக இருந்தாலும், 90 நாட்களுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யப்பட வேண்டும். தவறினால், கூடுதல் கட்டணத்துடன் அடுத்த 60 நாட்களுக்குள் பதியலாம். ஆக மொத்தம் 150 நாட்கள். மண அழைப்பிதழ், வயதுச் சான்று, முகவரிச் சான்று, நிழற்படங்கள், சாட்சிகள் ஆகியவை தேவைப்படும்.

கோயில் ரசீது, மண்டப ரசீது, ஜமாஅத்தின் நிக்காஹ் பதிவு, தேவாலயப் பதிவேட்டின் நகல் ஆகியவை திருமணம் நடந்ததற்கான நல்ல சான்றுகள்தாம். ஆனால் பதிவுத்துறையின் சான்றுக்கு அவை மாற்று ஆகா. வெளிநாட்டுத் தூதரகங்கள் பொதுவாகக் கேட்பது அரசுப் பதிவாளரின் சான்றையே.

150 நாட்கள் கடந்தபின் உள்ள வழிகள் பின்வருமாறு:

1. இந்து திருமணச் சட்டம், 1955. இதன் 8ஆம் பிரிவின்கீழ் இந்துக்கள் பிற்காலத்திலும் பதிவு செய்யலாம். தமிழ்நாட்டுத் திருத்தமான 7-அ பிரிவின்படி நடந்த சுயமரியாதைத் திருமணங்களும் இதில் அடங்கும்.

2. சிறப்புத் திருமணச் சட்டம், 1954. வேறு முறையில் ஏற்கெனவே நடந்த திருமணத்தை இதன் 15ஆம் பிரிவின்கீழ் எச்சமயத்தவரும் பதியலாம். மணநாள் முதல் இருவரும் கணவன் மனைவியாக வாழ்ந்திருக்க வேண்டும். பதியும் நாளில் இருவருக்கும் 21 வயது நிறைந்திருக்க வேண்டும். அம்மாவட்டத்தில் 30 நாட்கள் குடியிருந்திருக்க வேண்டும். விண்ணப்பித்தபின் 30 நாள் பொது அறிவிப்பும் உண்டு.

3. நீதிமன்றம். மேற்கண்ட இரண்டும் பொருந்தாதவர்கள், திருமண நிலையை உறுதிசெய்யும் தீர்ப்பைக் குடும்ப நீதிமன்றத்தில் கோரலாம். இதற்குக் காலமும் செலவும் அதிகம்.

ஏற்காடு மலைப்பகுதியில் எழும் சிக்கல்

சேர்வராயன் மலையின் ஊர்களில் வாழும் மலையாளி பழங்குடியினர், சேலம் மாவட்டத்தில் பட்டியல் பழங்குடியினர் ஆவர். ஏற்காடு சட்டமன்றத் தொகுதியே பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட தொகுதி. இந்து திருமணச் சட்டத்தின் 2(2) பிரிவின்படி, மத்திய அரசு தனியே அறிவிக்கை வெளியிட்டாலன்றி, அச்சட்டம் பட்டியல் பழங்குடியினருக்குப் பொருந்தாது. அவர்களின் திருமணம் குல வழக்கப்படி செல்லும். அதில் ஐயமில்லை. ஆனால் கெடு கடந்தபின் பதிவதற்கு மற்ற இந்துக்களுக்கு உள்ள முதல் வழி அவர்களுக்குச் சட்டப்படி இல்லை. காப்பித் தோட்ட ஊர்களில் வாழும் கிறித்தவர், முசுலிம் குடும்பங்களுக்கும் இதே நிலைதான்.

இரண்டாம் வழியிலும் ஒரு தடை உண்டு. அத்தை மகள், மாமன் மகள், அக்காள் மகள் ஆகியோர் சிறப்புத் திருமணச் சட்டத்தின் தடை செய்யப்பட்ட உறவுப் பட்டியலில் உள்ளனர். குல வழக்கத்தைக் காட்டி விலக்குக் கேட்க 15ஆம் பிரிவு இடம் தருவது, அச்சட்டம் நடைமுறைக்கு வருமுன் நடந்த திருமணங்களுக்கு மட்டுமே. எனவே முறைப்பெண்ணை மணந்து, 150 நாட்களைத் தவறவிட்ட பழங்குடித் தம்பதியருக்கு எஞ்சுவது நீதிமன்றமே.

ஆகவே மற்றவர்களுக்கு 90 நாள் கெடு ஒரு வசதி என்றால், இவர்களுக்கு அது கட்டாயம். மலை ஊரிலிருந்து பதிவு அலுவலகத்துக்குச் சென்று திரும்ப ஒரு நாள் கூலி போய்விடும் என்று தள்ளிப்போடுவது இயல்பு. அந்த ஒரு நாள் பின்னர் பல மாதங்களாக வளரக்கூடும்.

மலை ஊர்களின் மற்றொரு சிக்கல் பிறப்புச் சான்று. வீட்டில் பிறந்து பதியப்படாதவர்கள், உரிய அலுவலரின் ஆணை பெற்றுத் தாமதப் பதிவு செய்ய வேண்டும். அமெரிக்கா போன்ற சில நாடுகள், பிறப்புப் பதிவு இல்லை என்னும் அரசுச் சான்றுடன் பள்ளிச் சான்று முதலிய துணை ஆவணங்களையும் ஏற்கின்றன.

பெயர் ஒற்றுமை

தமிழர் விண்ணப்பங்கள் தாமதமாவதற்குப் பெயர் வேறுபாடு ஒரு முக்கியக் காரணம். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, தலைப்பெழுத்துத்தான் உண்டு. வெளிநாட்டுப் படிவமோ இரண்டு பெயர் கேட்கும். ஒரே பெண் பள்ளிச் சான்றில் 'மு. செல்வி' என்றும், கடவுச்சீட்டில் 'செல்வி முருகேசன்' என்றும், திருமணத்துக்குப்பின் ஆதாரில் 'செல்வி ராஜா' என்றும் இருப்பார். நமக்கு ஒருவர், அதிகாரிக்கு மூவர்.

கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால், அமெரிக்க விசாவில் அப்பெயர் குடும்பப் பெயராகவும், இயற்பெயர் இடத்தில் 'பெயர் தெரியவில்லை' என்பதைக் குறிக்கும் மூன்றெழுத்தும் அச்சாகும்.

கவனிக்க வேண்டியவை:

- திருமணப் பதிவுக்கு முன்பே இருவரின் கடவுச்சீட்டுப் பெயரையும் சரிசெய்து, அதே எழுத்துக்கூட்டலில் திருமணச் சான்று பெறுதல் நலம்.
- மணமானதும் மனைவி தலைப்பெழுத்தை மாற்றியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. மாற்றுவதானால் எல்லா ஆவணங்களிலும் மாற்ற வேண்டும்.
- சிறு வேறுபாட்டுக்கு, இரு பெயரும் ஒருவரையே குறிக்கும் என நோட்டரி முன் எடுக்கும் பிரமாணப் பத்திரம் உதவலாம். பெரிய மாற்றத்துக்கு அரசிதழில் பெயர் மாற்ற அறிவிப்பு வெளியிட வேண்டும்.

சான்றொப்பம்

திருமணச் சான்று வெளிநாட்டில் செல்ல, அந்நாடு கேட்டால், அதன்மேல் அப்போஸ்டில் முத்திரை பெற வேண்டும். இந்தியாவில் இம்முறை 2005 ஜூலை 14 முதல் நடைமுறையில் உள்ளது. முதலில் மாநில அரசின் சான்றொப்பம், பின்னர் இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரை என்பது வரிசை. கனடாவில் இவ்வொப்பந்தம் 2024 ஜனவரி 11 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. ஐக்கிய அரபு அமீரகம் இதில் சேரவில்லை. ஆகவே அங்கு செல்வோர் வெளியுறவு அமைச்சகச் சான்றொப்பத்துக்குப்பின் அமீரகத் தூதரகத்தின் ஒப்பமும் பெற வேண்டும்.

தமிழில் மட்டும் உள்ள ஆவணங்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பும், மொழிபெயர்த்தவரின் உறுதிமொழியும் இணைக்கப்பட வேண்டும். காவல்துறை நன்னடத்தைச் சான்றைக் கடவுச்சீட்டுச் சேவை இணையத்தளம் வழியாகவே விண்ணப்பித்துப் பெறலாம்.

நாடுகளும் விதிகளும்

கனடா: குடிமக்களும் நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களும் அழைக்கலாம். துணைவருக்கு 3 ஆண்டுப் பொறுப்பேற்பு உண்டு. இடையில் மணமுறிவு ஏற்பட்டாலும் அப்பொறுப்பு நீங்காது. தாமே துணைவராக அழைக்கப்பட்டு வந்தவர், வசிப்புரிமை பெற்று 5 ஆண்டு ஆகும் வரை வேறொரு துணைவரை அழைக்க முடியாது. தொலைபேசி, காணொலி வழியாக நடந்த திருமணங்களை 2015 முதல் கனடா ஏற்பதில்லை. மணமாகாமல் ஓராண்டு சேர்ந்து வாழ்ந்த இணையரும் விண்ணப்பிக்கலாம்.

பிரிட்டன்: 2024 ஏப்ரல் 11 முதல் ஸ்பான்சரின் ஆண்டு வருமானம் 29,000 பவுண்டு என உயர்த்தப்பட்டது, முன்பு 18,600 பவுண்டு. வருபவர் தொடக்கநிலை ஆங்கிலத் தேர்வும் காசநோய்ப் பரிசோதனையும் முடிக்க வேண்டும். அக்காள் மகளை மணப்பது அந்நாட்டுச் சட்டத்தில் தடை செய்யப்பட்ட உறவு. எனவே அத்தகைய திருமணம் இங்கு செல்லுபடியானாலும் அங்கு துணைவர் விசாவுக்கு உதவாது.

அமெரிக்கா: முதல் விண்ணப்பம் ஐ-130. பொருளாதாரப் பொறுப்புறுதி ஐ-864. வருமானம் பொதுவாக வறுமைக்கோட்டு அளவின் 125 விழுக்காடு இருக்க வேண்டும். நாட்டுக்குள் நுழையும்போது திருமணமாகி 2 ஆண்டு நிறையாதிருந்தால், நிபந்தனையுடன் கூடிய 2 ஆண்டு வசிப்புரிமையே கிடைக்கும்.

ஆஸ்திரேலியா: 309 என்னும் தற்காலிக விசாவும், பின்னர் 100 என்னும் நிரந்தர விசாவும் ஒரே விண்ணப்பத்தில் கோரப்படுகின்றன.

ஜெர்மனி: வருபவர் பொதுவாக ஏ1 நிலை ஜெர்மன் மொழித் தேர்வில் தேற வேண்டும். சென்னை மாக்ஸ் முல்லர் பவனில் இத்தேர்வு நடத்தப்படுகிறது.

தொகைகளும் விதிகளும் அடிக்கடி மாறுபவை. விண்ணப்பிக்கும் நாளில் அந்நாட்டு அரசின் இணையத்தளத்தைப் பார்ப்பது அவசியம்.

உறவு உண்மையானது எனக் காட்டுதல்

சான்றிதழ் திருமணத்தை நிறுவும். அது குடிவரவுக்காக மட்டும் செய்த திருமணம் அன்று என்பதைத் தனியே காட்ட வேண்டும். பெற்றோர் பார்த்து முடிக்கும் திருமணத்தில் மணத்துக்கு முன் பழக்கம் குறைவாக இருப்பது நம் வழக்கம். இதைப் படிவத்தில் மறைக்காமல் எழுத வேண்டும்: பெண் பார்த்த நாள், நிச்சயதார்த்தம், யார் மூலம் சம்பந்தம் வந்தது, மணத்துக்கு எத்தனை பேர் வந்தனர் என்பன. உறவினருடன் எடுத்த படங்கள், பயணச்சீட்டுகள், பணம் அனுப்பிய விவரம், உரையாடல் பதிவுகள் ஆகியவை துணையாகும். நேர்காணலில் கணவனும் மனைவியும் தனித்தனியே சொல்லும் நாட்களும் பெயர்களும் ஒத்திருக்க வேண்டும்.

பொய்த் தகவல் தருவது பெருங்கேடு. முந்தைய திருமணத்தையோ குழந்தையையோ மறைத்தது தெரிந்தால், கனடா 5 ஆண்டுகளும் பிரிட்டன் 10 ஆண்டுகள் வரையும் விண்ணப்பத் தடை விதிக்கலாம். முகவர் நிரப்பிய படிவத்துக்கும் கையொப்பமிட்டவரே பொறுப்பு. எனவே படித்துப் பார்க்காமல் எதிலும் கையொப்பமிடக் கூடாது.

வருபவரின் பாதுகாப்பு

ஸ்பான்சர் முறையில் அழைப்பவரின் கை ஓங்கியிருக்கும். ஆகவே பெண் வீட்டார் மணத்துக்கு முன்பே மாப்பிள்ளையின் வசிப்புரிமை அட்டை, வேலைச் சான்று, முன்பு மணமானவர் எனில் மணமுறிவுத் தீர்ப்பு ஆகியவற்றைக் கேட்டுப் பார்ப்பது மரியாதைக் குறைவு ஆகாது. திருமணச் சான்றின் மூலப்படி ஒன்றும், எல்லாத் தாள்களின் நகலும் மனைவியிடமும் பெற்றோரிடமும் இருக்க வேண்டும். கடவுச்சீட்டு எப்போதும் அதற்குரியவர் கையிலேயே இருக்க வேண்டும்.

கனடாவில் 2017 முதல், கணவனைப் பிரிந்ததால் மட்டும் மனைவியின் வசிப்புரிமை பறிபோகாது. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும், வன்முறைக்கு உள்ளான துணைவர் தாமே தனித்து விண்ணப்பிக்க வழி உண்டு. வெளிநாட்டுக் கணவரால் கைவிடப்பட்டவர்களின் புகார்களைத் தேசிய மகளிர் ஆணையத்தின் வெளிநாடு வாழ் இந்தியர் பிரிவு பெறுகிறது.

செய்ய வேண்டியவற்றின் வரிசை

1. இருவரின் பிறப்புச் சான்று, பள்ளிச் சான்று, ஆதார், கடவுச்சீட்டு ஆகியவற்றை அருகருகே வைத்துப் பெயர், பிறந்த தேதி, பெற்றோர் பெயர் ஒத்திருக்கின்றனவா எனப் பார்த்தல்.
2. வேறுபாடுகளைத் திருமணத்துக்கு முன்பே திருத்துதல்.
3. திருமணமான 90 நாட்களுக்குள் பதிவு செய்தல். விடுப்பில் வந்த மணமக்கள் விமானம் ஏறுமுன் முடித்துவிடுதல்.
4. சான்றில் அச்சான ஒவ்வோர் எழுத்தையும் அலுவலகத்திலேயே சரிபார்த்தல்.
5. தேவைப்படும் நாட்டுக்கு ஏற்பச் சான்றொப்பம், மொழிபெயர்ப்பு, காவல்துறைச் சான்று பெறுதல்.
6. விண்ணப்பத்தின் முழு நகலை இருவரும் வைத்துக்கொள்ளுதல்.