ஒரு கைப்பிடி மாவும் மாசி மாதக் கெண்டையும்

மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன்

ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு நம் சங்கச் செயலாளர் வகுப்புக்கு வந்தபோது எல்லோரும் மின்சார வண்டி, ரோபோ, சூரிய சக்தி என்று தலைப்பு எழுதிக் கொடுத்தார்கள். நான் "தூண்டில்" என்று எழுதிக் கொடுத்தேன். பெஞ்சே சிரித்தது. சிரிக்கட்டும். முதல் வருஷம் இயற்பியலில் படித்ததில் பாதி எனக்கு ஏரிக்கரையில்தான் புரிந்தது. இதைச் சொன்னால் எந்த ஆசிரியரும் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நம்புகிறேன்.

நான் பத்தாவது படித்த வருஷம் அப்பா வேலை பார்த்த லேத் பட்டறையை மூடிவிட்டார்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் வேறு வேலை கிடைக்க ஐந்து மாதம் ஆனது. தை பிறந்ததிலிருந்து பங்குனி வரை, ஞாயிற்றுக்கிழமை மீன் மாட்டினால் குழம்பு, மாட்டாவிட்டால் ரசம். இரைக்கு மாவு கேட்டால் அம்மா, "திங்கிற மாவ ஏரியில கரைக்கவா?" என்று சத்தம் போடுவார். கடைசியில் ஒரே ஒரு கைப்பிடி எடுத்து ஒரு கவரில் போட்டுத் தருவார். அதை வைத்துக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் பொழுது சாயும்வரை சமாளிக்க வேண்டும். கேவலமாக இருக்கும் எனக்கு. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் கிலோக் கணக்கில் பிசைந்து கொண்டுவந்து வீசுவார்கள். அப்பாவோ பட்டாணி அளவுக்கு உருட்டி முள்ளில் குத்தி, "போதும், சும்மா இரு" என்பார்.

அது வறுமையால் வந்த முறை. ஆனால் பனி விட்டு வெயில் ஏறத் தொடங்கும் இந்த மாசி, பங்குனி நாட்களில் கெண்டைக்கு அதுதான் சரியான முறை என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. அது ஏன் என்பதையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் கெண்டை எது என்று தெரிந்துகொள்வோம். நம் பக்கத்து ஏரிகளில் தூண்டிலில் அதிகம் மாட்டுவது ஜிலேபிக் கெண்டை. பெயரில்தான் அது கெண்டை. அது திலாப்பியா என்னும் ஆப்பிரிக்க மீன், 1952ல் இந்தியாவுக்கு வந்தது. எதைப் போட்டாலும் கடிக்கும், அதைப் பிடிக்கக் கட்டுரை தேவையில்லை. உண்மையான கெண்டை இனங்கள் கட்லா, ரோகு, மிர்கால், பிறகு சாதா கெண்டை. முதல் மூன்றும் கங்கைப் பக்கத்து மீன்கள். அவை தேங்கின தண்ணீரில் தானாக முட்டையிடாது. அதனால் குஞ்சுகளை ஆற்றில் பிடித்துத்தான் வளர்க்க வேண்டியிருந்தது. 1957 ஜூலை 10ஆம் தேதி ஒடிசாவில் ஹிராலால் சௌத்ரி என்ற விஞ்ஞானி, அலிக்குன்ஹியுடன் சேர்ந்து, மீனின் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றை ஊசி போட்டு முட்டையிட வைத்தார். இன்று நம் ஊர் ஏரியில் ஒரு கட்லா துள்ளுகிறது என்றால், அது யாரோ காசு கொடுத்து வாங்கி விட்ட குஞ்சாகத்தான் பெரும்பாலும் இருக்கும். சாதா கெண்டை 1939ல் இலங்கையிலிருந்து நீலகிரிக்கும், அதன் இன்னொரு வகை 1957ல் பாங்காக்கிலிருந்து நம் நாட்டுக்கும் வந்தது.

இவை ஒரே ஏரியில் இருந்தாலும் மாடி வீட்டில் குடியிருப்பவர்கள் மாதிரி தனித்தனியாக இருக்கும். கட்லாவின் வாய் மேல் நோக்கி இருக்கும், அது மேல்தட்டில் மேயும். ரோகு நடுவில். மிர்காலும் சாதா கெண்டையும் அடிச் சேற்றைக் கிளறும். மாவு உருண்டை தரையில் போய் உட்காருகிற பொருள் என்பதால், நமக்கு வாய்ப்பு அந்தக் கடைசி இரண்டிடம்தான் அதிகம்.

இப்போது முக்கிய விஷயத்துக்கு வருகிறேன். கெண்டைக்கு இரைப்பையே கிடையாது! தொண்டையில் பல் இருக்கிறது, அதற்குப் பின் நீளமான குடல், அவ்வளவுதான். நம்மைப் போல ஒரே வேளையில் மூக்குப் பிடிக்கத் தின்று சேர்த்துவைக்க இடமில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று கொண்டே போக வேண்டிய பிராணி. அதோடு அதன் உடம்புச் சூடு தண்ணீரின் சூடுதான். வெப்பநிலை 10 டிகிரி குறைந்தால் உடலுக்குள் நடக்கும் வேதிவினைகளின் வேகம் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொது விதி. மே மாத மதியத்தில் ஒரு மணி நேரத்தில் செரித்ததை, தை மாதத்தில் செரிக்க அதற்கு வெகுநேரம் பிடிக்கும். பசி குறைவு, நடமாட்டமும் குறைவு. அந்த நேரத்தில் அரைக் கிலோ மாவை அதன் மூக்குக்கு முன்னால் கொட்டினால் என்ன ஆகும்? நாலு வாய் தின்றுவிட்டு ஒதுங்கிவிடும். அந்த நாலு வாயில் உங்கள் முள் இருக்குமா?

இது கணக்குதான். என்னோடு ஒரு வங்காளத் தொழிலாளி நண்பர் கரையில் உட்காருவார். எஸ்டேட்டில் கான்ட்ராக்ட் வேலை. தூண்டில் என்றால் அவர் ஊர்க்காரர்களுக்கு உயிர். வறுத்த வெந்தயம், வாசனைக் கிழங்கு, என்னென்னவோ பொடி சேர்த்து ஒரு பை நிறைய இரை தயாரித்து வந்து முதலில் தண்ணீரில் தூவுவார். கூட்டம் கூட்ட அதுதான் வழி என்பது அவர் வாதம். வைகாசியில் அவர் வாதம் சரி, நான் பத்துத் தடவை பார்த்திருக்கிறேன், எங்களை அப்படியே ஓரங்கட்டிவிடுவார். ஆனால் தூவிய 500 துணுக்குகளுக்கு நடுவே முள்ளில் ஒன்று என்றால், மீன் எடுக்கும் ஒவ்வொரு வாயும் நம்முடையதாக இருக்க 501ல் ஒரு பங்கு வாய்ப்பு. பத்துத் துணுக்கு மட்டும் போட்டால் 11ல் ஒரு பங்கு. பசியுள்ள மீன் நூறு வாய் எடுக்கும், ஆகவே முதல் கணக்கு பரவாயில்லை. மாசி மாத மீன் நாலு வாய்தான் எடுக்கும். அங்கேதான் அவர் தோற்றார். இந்தக் கணக்கை அவருக்கு அரைகுறை இந்தியில் சொல்லிப் புரியவைக்க எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. இப்போது அவரும் தை, மாசியில் பையைப் பாதிதான் நிரப்பி வருகிறார். முழுக்க விட மனசு வரவில்லை போலும்.

எந்த நேரம், எந்தக் கரை என்பதிலும் ஒரு விஷயம் உண்டு. எல்லோரும் விடியற்காலை ஐந்து மணிக்குப் போவார்கள். சித்திரையில் அது சரி. தை, மாசியில் அந்த நேரத்தில் நம் பக்கம் காற்று 20 டிகிரியை ஒட்டி இறங்கியிருக்கும், ஓரத் தண்ணீர் இரவெல்லாம் ஆறிப்போயிருக்கும். தண்ணீரின் தன்வெப்பம் கிலோவுக்கு 4.2 கிலோஜூல், காற்றுக்குச் சுமார் 1. அதனால் நமக்கு வேர்க்க ஆரம்பித்து வெகுநேரம் கழித்துத்தான் தண்ணீர் சூடேறும். பத்து மணிக்கு மேல் போங்கள், மூன்று நாலு மணி வரை இருங்கள். ஆழம் குறைந்த இடம் முதலில் சூடாகும். அடுத்து, மாசி மத்தியானத்தில் கடல் காற்று கிழக்கிலிருந்து நம் பக்கம் வரும். அது மேல்மட்டத்து வெதுவெதுப்பான நீரை மேற்குக் கரைக்குத் தள்ளும். ஆகவே மேற்குக் கரையில் முகத்தில் காற்றடிக்க உட்காருவதே உத்தமம். முதுகுப் பக்கம் காற்று வாங்கிக்கொண்டு நிழலில் உட்காருவது சுகம்தான், ஆனால் மீன் எதிர்க் கரையில் இருக்கும்.

இரை செய்முறை ரொம்பச் சுலபம். ஒரு கைப்பிடி கோதுமை மாவு, அதில் பாதி பொடித்த கடலைப் புண்ணாக்கு, ஒரு சிட்டிகை வறுத்த வெந்தயப் பொடி. கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் தெளித்து, சப்பாத்தி மாவைவிடச் சற்று இறுக்கமாகப் பிசைய வேண்டும். ஒரு உருண்டையை டம்ளர் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். பத்து நிமிஷம் கரையாமல் இருக்க வேண்டும், ஆனால் விரலால் அழுத்தினால் நசுங்க வேண்டும். கல் மாதிரி இருந்தால் முள் முனை வெளியே வராது, மீன் துப்பிவிடும். கெண்டை எதையும் உறிஞ்சிப் பார்த்து, பிடிக்காவிட்டால் துப்புகிற ஜாதி. சாதா கெண்டைக்கு வாயோரம் இரண்டு ஜோடி மீசை உண்டு, அதிலேயே ருசி பார்க்கும். கோடையில் நெல்லிக்காய் அளவுக்கு உருட்டுகிறோம் என்றால் இப்போது பட்டாணி போதும். முள்ளும் அதற்கேற்றபடி சிறிதாக இருக்க வேண்டும் (கடையில் கேட்கும்போது நம்பர் ஏற ஏற முள் சிறிசு என்பதை மறக்காதீர்கள், நான் முதல் தடவை தலைகீழாக வாங்கி வந்து திட்டு வாங்கினேன்). தூவுவதற்கு அதே மாவில் சுண்டுவிரல் நகம் அளவு பத்துத் துணுக்கு, முள் விழும் இடத்திலேயே. அதற்குப் பிறகு ஒரு மீன் மாட்டும்வரை கை சும்மா இருக்க வேண்டும். இதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம்!

மாவு கிடைக்காத நாளில் ஒரே ஒரு மண்புழு. அதற்குக் காசும் வேண்டாம், அம்மாவிடம் பேச்சும் வேண்டாம். ஆனால் ஜிலேபி தொல்லை தாங்காது.

தக்கைக்கு நாங்கள் மயிலிறகுத் தண்டைக் கட்டுவோம். முதலில் வெறும் ஈயத்தைக் கட்டி ஆழம் பார்த்துக்கொண்டு, ஈயம் முள்ளுக்கு நாலு விரல் மேலே இருக்கும்படி, இரண்டும் தரையில் படும்படி தங்கூசு நரம்பின் நீளத்தைச் சரிசெய்ய வேண்டும். நரம்பை இழுத்து விறைப்பாக்கினால் தக்கை நட்டுக்கொண்டு நிற்கும். குளிர்ந்த தண்ணீரில் கெண்டை தக்கையை வெடுக்கென்று இழுக்காது. குனிந்து உறிஞ்சிவிட்டுத் தலையை நிமிர்த்தும். ஈயமும் கூடவே எழும்பும். ஈயத்தின் இழுப்பு போய்விட்டால் தக்கை முங்காது, மேலே எழும்பித் தண்ணீரில் படுக்கும். ஆர்க்கிமிடிஸ் விதி! தக்கை முங்கட்டும் என்று காத்திருந்து நான் விட்ட மீன்களுக்குக் கணக்கே இல்லை. இதை அப்பா எனக்குச் சொல்லித் தந்தபோது ஆர்க்கிமிடிஸ் யாரென்று அவருக்குத் தெரியாது. அவர் ஐந்தாவதோடு நின்றவர்.

வெளிநாட்டிலும் இதே கதைதான். இங்கிலாந்தில் ரிச்சர்ட் வாக்கர் என்பவர் 1952 செப்டம்பரில் ரெட்மயர் என்ற குளத்தில் 44 பவுண்டு, அதாவது சுமார் 20 கிலோ சாதா கெண்டையைப் பிடித்து அந்நாட்டுச் சாதனை படைத்தார். அவர் முள்ளில் இருந்தது பிசைந்த ரொட்டியும் ரொட்டியின் மேல்தோலும்தான். அந்த மீனை உயிரோடு லண்டன் மிருகக்காட்சிசாலைக்குக் கொடுத்துவிட்டார். இப்போது அங்கே முட்டை, மாவு, வாசனை எல்லாம் சேர்த்து உருட்டி அவித்த உருண்டைகளைக் கடையில் விற்கிறார்கள், கிட்டத்தட்ட நம் கொழுக்கட்டை. மார்ச் மாதக் குளிரில் அதிலும் ஒன்றை மட்டும் முள்ளோடு போட்டுவிட்டுக் காத்திருப்பவர்கள் உண்டு.

நான் சாதா கெண்டையைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். மற்ற மூன்றைப் போல் அல்லாமல் இது தேங்கின ஏரியிலேயே முட்டையிடும். நம் சமவெளியில் அதற்கு முக்கியமான காலம் ஜனவரி முதல் மார்ச் வரை. அந்த வேலையில்லாத மாசியில் ஒரு நாள் எங்களுக்கு இரண்டு கிலோவுக்கு மேல் ஒன்று மாட்டியது. அதுவரை அவ்வளவு பெரிய மீனை நான் தொட்டதில்லை. வீட்டில் அம்மா வயிற்றைக் கீறினால் முழுக்கச் சினை. ஒரு கிலோ எடையுள்ள பெட்டைக்கு ஒரு லட்சம் முட்டைக்கு மேல் இருக்கும் என்று பிறகு படித்தேன். அன்றைக்கு ஐந்து பேரும் வயிறாரச் சாப்பிட்டோம், சினையையும் வறுத்தோம், பொய் சொல்வானேன், ருசியாகத்தான் இருந்தது. அப்பா மட்டும் சரியாகச் சாப்பிடவில்லை. அடுத்த வாரத்திலிருந்து வயிறு உப்பிய சாதா கெண்டை மாட்டினால் முள்ளைக் கழற்றித் திரும்ப விட்டுவிடுவார். அன்று வீட்டில் ரசம்தான் என்று தெரிந்தும் விட்டார். எனக்கு அப்போது கோபம் வந்தது.

எந்த ஏரி என்று கேட்பீர்கள். ஆவடிக்கு அந்தப் பக்கம் என்று மட்டும் சொல்வேன். பெயரைச் சொன்னால் அடுத்த ஞாயிறு நம் கல்லூரி முழுக்க அங்கே நிற்கும். புழல், செம்பரம்பாக்கம் நாம் குடிக்கிற தண்ணீர், அங்கே போய் மாவு கரைக்க வேண்டாம். மற்ற ஏரிகளிலும் மீன் குத்தகைக்காரருடையது, முதலில் கேட்க வேண்டும். எங்கள் ஏரிக் குத்தகைக்காரர் வலையைக் கண்டால் விரட்டுவார், ஒற்றைத் தூண்டிலை விட்டுவிடுவார். மாவு கரைப்பவர்களை அவருக்கும் பிடிக்காது. மீன் தின்னாத மாவு அடியில் அழுகும், அழுகும்போது தண்ணீரிலுள்ள ஆக்சிஜனைத் தின்னும். ஏற்கெனவே சாக்கடை கலக்கிற ஏரியில் விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளப்பதைப் பார்த்திருப்பீர்கள். இரவில் பாசி ஆக்சிஜனை உண்டாக்காது, அதுவும் சேர்ந்து சுவாசிக்கும். அதனால் விடிகிற நேரம்தான் மீனுக்கு மூச்சு முட்டும் நேரம்.

2019 கோடையில் செம்பரம்பாக்கமும் புழலும் வறண்டு வெடித்தபோது நான் சின்னப் பையன். அப்பா என்னை சைக்கிளில் எங்கள் ஏரிக்கும் கூட்டிப் போனார். நடுவில் ஒரு குட்டை மட்டும் கிடந்தது. அதைச் சுற்றிக் கொக்குகள். அடுத்த வருஷங்களில் மழை வந்து குஞ்சு விட்டுத்தான் நாங்கள் மறுபடி தூண்டில் எடுத்தோம்.

இப்போது அப்பாவுக்கு எஸ்டேட்டிலேயே வேறு இடத்தில் வேலை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா கேட்காமலே ஒரு டம்ளர் நிறைய மாவு எடுத்து வைக்கிறார். அப்பா அதில் ஒரு கைப்பிடி எடுத்துக்கொண்டு, மீதியைத் திரும்ப டப்பாவில் கொட்டிவிட்டு சைக்கிளை எடுக்கிறார்.