கன்றின் கழிச்சலும் குழந்தையின் வயிற்றுப்போக்கும்

மரக்காணம் உப்பளப் பகுதியில் கன்றும் கைக்குழந்தையும் ஒரே முற்றத்தில் வளரும் வீடுகள் உண்டு. அத்தகைய வீட்டில் கன்றுக்குக் கழிச்சல் கண்டால், குழந்தையையும் கவனிக்க வேண்டும்.

காரணம் என்ன?

ஒரு மாதத்திற்கு உட்பட்ட கன்றுகளுக்குக் கழிச்சலை உண்டாக்கும் கிருமிகளுள் 'கிரிப்டோஸ்போரிடியம்' என்னும் ஒட்டுண்ணி முக்கியமானது. இதன் ஒரு வகை, சாணம் பட்ட கை, நீர், உணவு வழியாக மனிதரையும் தொற்றும். மற்றொரு வகை மனிதரிடமிருந்தே மனிதருக்குப் பரவும். கொல்கத்தா உட்பட ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளின் 7 இடங்களில் நடைபெற்று 2013இல் வெளியான ஆய்வில், கைக்குழந்தைகளின் கடும் வயிற்றுப்போக்கிற்கு ரோட்டா வைரஸுக்கு அடுத்த காரணமாக இவ்வொட்டுண்ணி அறியப்பட்டது.

குடல் எவ்வாறு எதிர்க்கிறது?

ஒட்டுண்ணி சிறுகுடலின் உட்சுவர் செல்களில் புகுந்து, சத்தை உறிஞ்சும் குடலுறிஞ்சிகளைச் சிதைக்கிறது. அச்செல்களுக்கு இடையிலுள்ள வெள்ளையணுக்கள் 'இன்டர்ஃபெரான் காமா' என்னும் பொருளைச் சுரந்து அதன் பெருக்கத்தைத் தடுக்கின்றன. பின்னர் சி.டி.4 செல்கள் தொற்றை அகற்ற உதவுகின்றன. இளங்கன்றில் இந்த எதிர்ப்பாற்றல் முதிராததால் நோய் கடுமையாகிறது.

மனிதக் குடலிலும் இச்செல்களே காக்கின்றன. சி.டி.4 மிகவும் குறைந்த எச்.ஐ.வி. நோயாளிகளுக்கு வயிற்றுப்போக்கு நீடிப்பது இதனாலேயே, அவர்கள் ஏ.ஆர்.டி. மருந்தைத் தவறாது உட்கொள்ள வேண்டும். மற்றவர்களுக்கு உடலே பெரும்பாலும் தொற்றை வெல்லும். அதுவரை நீரிழப்பைத் தடுப்பதே நமது கடமை.

செய்ய வேண்டியவை

• 1 லிட்டர் பொட்டலமாயின், ஓ.ஆர்.எஸ். தூள் முழுவதையும் 1 லிட்டர் கொதித்தாறிய நன்னீரில் கரைத்துக் கொடுங்கள். உவர்ப்பான கிணற்று நீரைப் பயன்படுத்தாதீர்கள். கொதிக்க வைத்தாலும் அதன் உப்பு நீங்காது. மிகையான உப்பு குழந்தைக்கு ஆபத்தானது.

• தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். துத்தநாக மாத்திரையை மருத்துவர் கூறும் அளவில் 14 நாட்கள் கொடுங்கள்.

• குடிநீரைக் குறைந்தது 1 நிமிடம் கொதிக்க விடுங்கள். குடிநீரில் வழக்கமாகக் கலக்கும் குளோரின் இவ்வொட்டுண்ணியைக் கொல்லாது.

• கன்றைத் தொட்டபின் சோப்பிட்டுக் கைகழுவுங்கள். சானிடைசர் போதாது.

• கழிச்சல் உள்ள கன்றைத் தனியே கட்டி, கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

உடனே மருத்துவமனைக்கு

கண்கள் குழிவிழுதல், சிறுநீர் குறைதல், சோர்ந்து மயங்குதல், பால் குடிக்க இயலாமை, மலத்தில் இரத்தம் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் தாமதிக்காதீர்கள்; 108 அவசர ஊர்தியை அழையுங்கள்.