கூண்டை அளந்த பின்னரே கிருமிநீக்கி

கோழியும் முயலும் வளர்க்கும் அங்கத்தினர்களுக்காக நீராவிக் கிருமிநீக்கி வாங்க முனையும் சங்கங்கள், விலைப்பட்டியலைப் பார்க்குமுன் கூண்டை அளத்தல் வேண்டும். நாம் பார்வையிடச் சென்ற ஒரு சங்கத்தில், கூண்டு நுழையாத குறுகிய வாயுடைய கலம் மூலையில் கிடந்தது. அங்கத்தினரின் பங்குப் பணம் அதில் முடங்கிவிட்டது.

கொதிநீருக்குத் தப்பும் கிருமி வித்துக்களும், 121 டிகிரி சென்டிகிரேடு நீராவியில் 15 நிமிடம் இருப்பின் மடியும். ஆனால் கலத்திலுள்ள காற்று முற்றும் வெளியேறாவிடில், அழுத்தமானி சரியாகக் காட்டினும் வெப்பம் குறைந்தே இருக்கும். ஆகவே காற்றுப் போக்கி, வெப்பமானி, காப்பு வால்வு மூன்றும் உளவா எனக் காண்க.

எச்சத்தைக் கழுவாத கூண்டை உள்ளே வைப்பது வீண். இரும்புக் கூண்டு இவ்வெப்பத்தைத் தாங்கும். பாலிஎதிலீன் தீனித்தட்டு உருக்குலையும். செயற்குழுவினர் அளவுகோலுடன் கூடி ஆராய்க. பின்னரே பணம் கொடுக்க.