தொழில்முனைவு பற்றிய மாணவர் கருத்தும் நாட்டுப் பண்பாடும்

இழப்பு நேரினும் ஏற்போம் எனத் துணிந்து, தம் பொறுப்பில் ஒரு தொழிலைத் தொடங்குதலைத் தொழில்முனைவு என்கிறோம். பல நாட்டுப் பல்கலைக்கழக மாணவர் இதனை எவ்வாறு கருதுகின்றனர் என்பதும், அவர்தம் கருத்து வேறுபாடு பண்பாட்டால் விளைந்ததா என்பதும் ஈண்டு ஆராயப்படும்.

முதற்கண் சொல்லை நோக்குவோம். இத்தொழிலோரைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல் மேற்கொள்ளுதல் எனப் பொருள்படும் வினையினின்று பிறந்தது. 1755இல் வெளிவந்த காண்டில்லனின் நூல், உறுதியான விலைக்கு வாங்கி உறுதியற்ற விலைக்கு விற்பாரை அச்சொல்லாற் குறித்தது. செருமானியச் சொல்லும் மேற்கொள்ளுதற் பொருளதே. எனினும், முன்னரே நிலைபெற்ற நிறுவனத்தை நடத்துவாரையும் அது குறிக்கும். தமிழ்ச் சொல்லோ முனைதலாகிய முயற்சியை முன்னிறுத்துகிறது. ஆகவே, ஒரே வினாவைப் பல மொழிகளில் வினவினும், கேட்போர் உள்ளத்தெழும் பொருள் ஒன்றே எனத் துணிதற்கில்லை. மொழிபெயர்த்த வினாவை மூலமொழிக்கு மீளப் பெயர்த்து ஒப்பிடும் முறையைப் பிரிஸ்லின் 1970இல் விளக்கினார். அம்முறை பிழையைக் குறைக்குமேயன்றி முற்றும் நீக்காது.

இனிப் பண்பாட்டை நோக்குவோம். ஐ.பி.எம். நிறுவன ஊழியரிடம் 1967 முதல் 1973 வரை பெற்ற விடைகளைக் கொண்டு, ஹாப்ஸ்டெட் 1980இல் நாட்டுப் பண்பாடுகளை அளந்தார். தனியாள் முதன்மை, நிலையின்மைக்கு அஞ்சுதல் முதலியன அவர் கண்ட அளவைகள். அவை நாடுகளுக்கு உரியன. தனி மாணவன் ஒருவனுக்கு அவற்றைப் பொருத்தலாகாது என்பது அவரே உரைத்த எச்சரிக்கை.

ஸ்பெயின், தைவான் ஆகிய இரு நாட்டு மாணவர் 519 பேரை ஆராய்ந்து, லின்யானும் சென்னும் 2009இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். சுற்றத்தார் கருத்து, தொழில் தொடங்கும் எண்ணத்தை நேரே தூண்டுவதினும், மாணவரின் விருப்பத்தையும் 'எம்மால் இயலும்' என்னும் நம்பிக்கையையும் வளர்த்து, அவற்றின் வழியாகவே தூண்டுகிறது என்பது அவர்தம் முடிபு. பண்பாடு செயற்படும் வழிகளுள் ஒன்று இதுவெனக் கொள்ளலாம்.

சுவிட்சர்லாந்தின் சென் காலன் பல்கலைக்கழகத்தில் 2003இல் தொடங்கிய பன்னாட்டு மாணவர் ஆய்வு, 2016இல் 50 நாடுகளில் 1,22,000க்கு மேற்பட்ட மாணவரின் விடைகளைத் திரட்டியது. படிப்பு முடிந்தவுடன் தொழில் தொடங்க விரும்பியோர் நூற்றுக்கு 8.8 பேர், ஐந்தாண்டு கழித்து விரும்பியோர் 38.2 பேர். மாணவரும் அவர்தம் பண்பாடும் மாறவில்லை. வினவிய காலமே மாறியது. ஆயினும் விடை நான்கு மடங்குக்கு மேல் உயர்ந்தது. வளரும் நாடுகளில் இவ்விருப்பம் மிகுந்தும், வளர்ந்த நாடுகள் பலவற்றில் குறைந்தும் காணப்பட்டது. நல்ல ஊதியமுள்ள வேலை அரிதாகிய இடத்தில் சொந்தத் தொழில், விருப்பத்தால் மட்டுமன்றி வேறு வழியின்மையாலும் நாடப்படும்.

எனவே, எண்ணிக்கை ஒன்றையே கொண்டு ஒரு நாட்டு மாணவரைத் துணிவுடையார் என்றோ துணிவிலார் என்றோ கூறுதல் பொருந்தாது. சொற்பொருளையும் வாழ்க்கைச் சூழலையும் தெளிந்த பின்னரே, எஞ்சிய வேறுபாட்டைப் பண்பாட்டின்மேல் ஏற்றுதல் தகும்.